தாவர பர்கர்: இம்பாசிபிள் வாப்பரா, மெக்பிளாண்டா, காய்கறி பேட்டியா?

துரித உணவுக் கடைகளில் கிடைக்கும் தாவர பர்கர்களை ஒப்பிடும்போது பலரும் பேட்டியை, அதாவது பன்னுக்கு நடுவில் வைக்கும் வட்டத் துண்டை, மட்டும்தான் பார்க்கிறார்கள்: எது கறி மாதிரியே இருக்கிறது, எதில் புரதம் அதிகம் என்று. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, கடைக்காரர்கள் அதை எந்த க்ரில்லில் சுடுகிறார்கள், மேலே எதைத் தடவுகிறார்கள் என்பது. பேட்டியைச் செய்வது ஒரு நிறுவனம், சுட்டுக் கொடுப்பது வேறொரு நிறுவனம். ஒரே பேட்டி ஒரு கடையில் முழுக்க வீகனாகவும் (பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் இல்லாதது) இன்னொரு கடையில் சைவம் என்றுகூடச் சொல்ல முடியாததாகவும் ஆகிவிடுவது இதனால்தான்.

சுவையில் எனக்கு முதல் இடம் பர்கர் கிங்கின் இம்பாசிபிள் வாப்பர். 2019 ஏப்ரலில் செயின்ட் லூயிஸ் நகரில் சோதனையாக வந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா முழுக்கப் பரவியது. இதன் பேட்டியைச் செய்வது இம்பாசிபிள் ஃபுட்ஸ் என்ற நிறுவனம்; அந்தப் பேட்டியின் ரகசியம் ஹீம் என்ற இரும்புச்சத்துள்ள பொருள். சோயா செடியின் வேர் முடிச்சுகளில் இருக்கும் ஹீம் கொண்ட லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தை, மரபணு மாற்றிய ஈஸ்ட்டைக் கொண்டு தொட்டிகளில் தயாரித்து, பேட்டியில் கலக்கிறார்கள். பச்சையாக இருக்கும்போது தெரியும் சிவப்புக்கும், சூட்டில் வரும் அந்த இரும்பு வாடை கலந்த கறி மணத்துக்கும் அதுதான் காரணம். அதோடு பர்கர் கிங் பேட்டியைத் தட்டைக் கல்லில் போடாமல் நேரடி நெருப்பில் சுடுவதால் வரும் புகை வாசம், அப்புறம் வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி, தக்காளி, மயோனைஸ் எல்லாம் சேரும்போது, கறி சாப்பிட்டுப் பழகியவருக்கே வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். கறியைக் குறைக்க நினைக்கிறவர்களுக்கு இதைவிட எளிதான ஆரம்பம் இல்லை.

ஆனால் அந்த நெருப்புதான் சிக்கலும். பேட்டிகள் நகரும் சங்கிலியில் ஏறித் தீயின் மேல் போகின்றன, மாட்டிறைச்சி பேட்டியும் இதுவும் ஒரே பாதையில். இதை எதிர்த்து அமெரிக்காவில் 2019 நவம்பரில் வழக்கே போட்டார்கள், அது அடுத்த ஆண்டு தள்ளுபடியானது. ஐரோப்பாவில் ஹீமுக்கு அப்போது அனுமதி இல்லாததால் வெஜிடேரியன் புட்சர் என்ற நிறுவனத்தின் பேட்டியை வைத்து ரெபல் வாப்பர் என்று விற்றார்கள். இங்கிலாந்தில் அதற்கான விளம்பரங்கள் தாவர உணவு என்ற எண்ணத்தைத் தருகின்றன, ஆனால் இறைச்சியோடு சுடுகிறார்கள், மயோனைஸில் முட்டை இருக்கிறது என்று சொல்லி, விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 2020இல் அவற்றைத் தடை செய்தது. சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். சைவம் என்று நம்பி வாங்குகிறவர் ஒவ்வொரு முறையும் சமையலறையில் நடப்பதை விசாரித்துக்கொண்டிருக்க முடியாது.

கார்ல்ஸ் ஜூனியர் என்ற அமெரிக்க பர்கர் கடைத்தொடர் 2019 ஜனவரியில் கொண்டுவந்த பியாண்ட் ஃபேமஸ் ஸ்டார் இதற்கு நேர்ப் போட்டி. பேட்டி பியாண்ட் மீட் நிறுவனத்தினுடையது: பட்டாணிப் புரதம் அடிப்படை, நிறத்துக்கு பீட்ரூட் சாறு, சோயா கிடையாது. கடிக்கும்போது நல்ல கெட்டியாக இருக்கும், ஆனால் பட்டாணி வாடை பின்னால் மெல்ல எட்டிப்பார்க்கும். அமெரிக்கன் சீஸும் மயோனைஸும் இயல்பாகவே கூட வரும். பேட்டியில் சோயா வேண்டாம் என்பவர்களுக்கு இது ஒரு வழி, மற்றபடி வாப்பரை விட்டு இதற்கு மாற எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஒயிட் காஸில் என்ற இன்னொரு அமெரிக்கக் கடைத்தொடர் 2018இலேயே இம்பாசிபிள் ஸ்லைடரைக் கொண்டுவந்துவிட்டது. கையளவுகூட இல்லாத சின்ன பர்கர். முதல் தடவை ருசி பார்க்க நல்லது, பசிக்கு ஒன்று போதாது.

மெக்டொனால்ட்ஸின் மெக்பிளாண்ட் கதைதான் இருப்பதிலேயே சுவாரசியமானது, ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு வேறு பர்கர்கள் இருந்திருக்கின்றன. பேட்டி மெக்டொனால்ட்ஸும் பியாண்ட் மீட்டும் சேர்ந்து உருவாக்கியது. அமெரிக்காவில் 2021 நவம்பரில் 8 கடைகளில் ஆரம்பித்து, 2022 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ, டாலஸ் பகுதிகளில் சுமார் 600 கடைகள் வரை போனது. பால் சீஸ், முட்டை மயோனைஸ், இறைச்சி சுடும் அதே க்ரில். யாருக்காகச் செய்தார்கள் என்றே புரியாத பர்கர் அது: கறி சாப்பிடுகிறவருக்குப் பக்கத்திலேயே உண்மையான கறி இருக்கிறது, வீகன்களுக்கு இது ஆகாது. இரண்டு நகரங்களிலும் அது எடுபடவில்லை என்று மெக்டொனால்ட்ஸின் அமெரிக்கத் தலைவரே 2024இல் சொன்னார்.

இங்கிலாந்தில் அதே பெயரை எடுத்துக்கொண்டு ஒழுங்காகச் செய்தார்கள். 2021இல் சில ஊர்களில் தொடங்கி 2022 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது. சீஸ் பட்டாணிப் புரதத்தில் செய்தது, சாஸில் முட்டை இல்லை, பேட்டியைத் தனியாக, தனிக் கரண்டிகள் வைத்துச் சமைக்கிறார்கள், வெஜிடேரியன் சொசைட்டியின் வீகன் சான்றிதழும் வாங்கினார்கள். சுவையில் வாப்பர் அளவுக்கு இல்லை, புகை வாசமும் கிடையாது. ஆனாலும் கண்டிப்பான சைவர் ஒருவர் எதையும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடக்கூடியது இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான், அந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை மிக உயர்வாக மதிக்கிறேன். கூட வாங்கும் ஃப்ரைஸிலும் இதே வித்தியாசம் உண்டு: அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்க்கிறார்கள், இங்கிலாந்தில் அது இல்லை.

பிறந்ததிலிருந்தே கறி தொடாதவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பிடிக்காமல் போகலாம். வாயில் வைத்ததும் ரத்தம் மாதிரி ஒரு சுவை வந்தால் அவர்களுக்குக் குமட்டும், அதில் தப்பே இல்லை. அவர்களுக்கு ஷேக் ஷாக் என்ற அமெரிக்க பர்கர் கடைத்தொடரின் வெஜ்ஜி ஷாக் மாதிரி காய்கறி பேட்டிதான் சரி: காளான், சர்க்கரைவள்ளி, கேரட், கினோவா தானியம் எல்லாம் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியும். அங்கேயே உள்ள ஷ்ரூம் பர்கர் பெரிய காளானுக்குள் சீஸ் அடைத்துப் பொரித்தது, ருசியில் அபாரம், ஆனால் வீகன்களுக்கு வழியில்லை. கறியைப் போலவே இருந்தாக வேண்டும் என்ற அவசரத்தில் கடைகள் இந்த வகையை ஓரங்கட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உடம்புக்கு நல்லது என்று நினைத்து மட்டும் கறி போன்ற பேட்டிக்கு மாறாதீர்கள். அறிமுகமானபோது இம்பாசிபிள் வாப்பரில் 630 கலோரி, சாதா வாப்பரில் 660; சோடியமோ 1240 மில்லிகிராம், சாதா வாப்பரில் 980. தேங்காய் எண்ணெய் சேர்ப்பதால் நிறைவுற்ற கொழுப்பிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பேட்டியில் கொலஸ்ட்ரால் கிடையாது, கொஞ்சம் நார்ச்சத்து உண்டு, அவ்வளவுதான். மாட்டுக்காகவும் சூழலுக்காகவும் மாறுகிறேன் என்றால் அது நல்ல காரணம், என் காரணமும் அதுதான்.

அதனால் என் தேர்வு இப்படி: கறியைக் குறைக்கிறவர்களுக்கு இம்பாசிபிள் வாப்பர், கண்டிப்பான சைவர்களுக்கு இங்கிலாந்தின் மெக்பிளாண்ட், கறிச் சுவையே வேண்டாம் என்பவர்களுக்குக் காய்கறி பேட்டி. வாப்பரையே சைவமாக வாங்க வேண்டுமென்றால் அமெரிக்கக் கடைகளில் இரண்டு விஷயம் கேளுங்கள்: நெருப்பில் போடாமல் தனியாகச் சூடாக்கித் தரச் சொல்லுங்கள், மயோனைஸ் வேண்டாம் என்று சொல்லுங்கள். புகை வாசம் போய்விடும்தான், அந்த இடத்தில் கெச்சப்பும் வெங்காயமும் கொஞ்சம் கூடுதலாக வைக்கச் சொன்னால் பரவாயில்லாமல் இருக்கும்.