காயம் எப்போது விழுந்தது? பெருமூளை வாதத்தில் கையின் தொடு உணர்வு

வளரும் மூளையில் விழும் காயத்தால் உடல் அசைவு பாதிக்கப்படுவதே பெருமூளை வாதம் (cerebral palsy). அது ஒரு பக்கக் கையைப் பாதிக்கிறது என்றாலே, கை எவ்வளவு அசைகிறது என்றுதான் பார்க்கிறோம். அது எதை உணர்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். மூளையில் காயம் விழுந்த நேரத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

கர்ப்பத்தின் 24 முதல் 34 வாரங்களுக்குள், மூளையின் நீரறைகளை ஒட்டிய வெண்பகுதியில் காயம் ஏற்படுவது ஒரு வகை. குறைமாதக் குழந்தைகளிடம் இது அதிகம். அப்போது, உடலின் உணர்வுச் செய்திகளைக் கடத்திவிடும் உள்பகுதியான தலாமஸிலிருந்து, மூளையின் வெளி அடுக்கான புறணிக்குப் போகும் உணர்வு இழைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். வழியில் காயம் இருந்தாலும், சுற்றிக்கொண்டு போய்ச் சேர வேண்டிய இடத்திலேயே சேர்ந்துவிட முடிகிறது. எனக்கு இது இன்றும் வியப்புதான்.

நிறைமாதத்தையொட்டி மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்களில் ஒன்றான நடு மூளைத் தமனி அடைபட்டு வரும் பக்கவாதம் இன்னொரு வகை. இங்கே இழைகள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டன. சேர்ந்த இடமே சேதமாகிறது. அசைவுக்காவது சில குழந்தைகளுக்கு மறுபக்க மூளை உதவிக்கு வரும். தொடு உணர்வுக்கு அது எளிதில் நடப்பதில்லை.

துணிப்பைக்குள் சாவியும் நாணயமும் போட்டு, பார்க்காமல் சாவியை எடுக்கச் சொல்லுங்கள். முதல் வகைக் குழந்தை மெதுவாகவாவது தடவிக் கண்டுபிடிக்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் வகையில், சாவி விரல்களுக்குள்ளேயே இருந்தும் அது சாவி என்று தெரியாமல் போகலாம். காயத்தின் அளவைப் பொறுத்து இது மாறும். ஆனால் அந்தக் குழந்தை கையைப் பயன்படுத்தாததைச் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.