பழுப்புக் கட்டியா, பரவிய புற்றா?

ஸ்கேனில் இடுப்பெலும்பிலும் விலாவிலும் அங்கங்கே அரித்த ஓட்டைகள். ரத்தத்தில் கால்சியம் எகிறியிருக்கிறது. பார்த்தவுடன் மனசு எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்குத்தான் போகும். ஆனால் பாராதைராய்டு சுரப்பிக் கோளாறால் எலும்பில் வரும் பழுப்புக் கட்டியும் இப்படியே தெரியலாம். பெட் ஸ்கேனில் இரண்டுமே ஒளிரக்கூடும் என்பதால் படம் மட்டும் போதாது.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. அதில் ஒன்று வீங்கி ஹார்மோனைக் கொட்டினால், எலும்பைக் கரைக்கும் செல்கள் வெறியோடு வேலை செய்யும். கரைந்த இடத்தில் ரத்தம் கசிந்து, இரும்புச்சத்து படிந்து பழுப்பாகிவிடும். பெயர் அப்படி வந்ததுதான். கட்டி என்கிறோமே தவிர, இது புற்று அல்ல.

பிரித்துக் காட்டுவது பிடிஹெச், அதாவது அந்தப் பாராதைராய்டு ஹார்மோனின் அளவைப் பார்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனை. பழுப்புக் கட்டியில் அது மிக அதிகமாக இருக்கும். புற்றால் கால்சியம் ஏறியிருந்தால், சுரப்பிகள் அடங்கி, பிடிஹெச் பெரும்பாலும் குறைந்திருக்கும். விரல் எக்ஸ்ரேயும் உதவும்: ஆள்காட்டி, நடுவிரல்களின் நடு எலும்பு ஓரம் செல்லரித்ததுபோல் தெரிந்தால் சந்தேகம் சுரப்பி மேல்தான்.

திசுவைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கும் பயாப்சி கூட ஏமாற்றும். பழுப்புக் கட்டியிலுள்ள ராட்சத செல்கள், எலும்பில் வரும் வேறொரு கட்டியான ஜெயன்ட் செல் கட்டியிலும் அப்படியே இருக்கும்.

சிகிச்சையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பரவிய புற்றுக்கு கீமோ, கதிர்வீச்சு என்று போக வேண்டும். இங்கே வீங்கிய சுரப்பியை எடுத்தால் போதும். பெரும்பாலும் எலும்பு சில மாதங்களில் தானே நிரம்பத் தொடங்கும். அதனால் கீமோ என்று பேச்சு வருமுன், பிடிஹெச் பார்த்தாச்சா என்று தயங்காமல் கேளுங்கள்.