போட் கியருக்கும் கை வைக்கும் தர்மபுரி லேத் பட்டறை

மேட்டூர் நீர்த்தேக்கத்தில், நாகமரை பக்கம் ஓடுகிற ஃபைபர் படகு எங்களுடையது. கியர் போட்டாலே, படகின் பின்புறம் வெளியே மாட்டியிருக்கும் அவுட்போர்டு மோட்டாரின் அடிப்பெட்டியில் 'கடக்'. டிராக்டர் வேலை பார்க்கும் பட்டறைக்கு இதெல்லாம் தெரியுமா என்ற சந்தேகத்தோடுதான் போனேன்.

மேஸ்திரி முதலில் ஆயிலை இறக்கி விரலில் தேய்த்தார். பால் நிறமென்றால் சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கும், இதில் இரும்புத்தூள்தான். உள்ளே மூன்றே கியர். மோட்டாரிலிருந்து இறங்கும் தண்டின் முனையிலுள்ள சின்ன கியரான பினியன், முன்கியரையும் பின்கியரையும் எப்போதும் எதிரெதிராகச் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் நகரும் பல் வைத்த இணைப்பான டாக் கிளட்ச் எதைப் பிடிக்கிறதோ, அந்தத் திசையில் புரொப்பல்லர் சுற்றும். எங்களுடையதில் பேரிங் தேய்ந்து பினியன் இடம் மாறியிருந்தது.

புது பேரிங்கைத் தட்டிவிட்டு அனுப்பும் ஆட்கள் உண்டு. இவர் பல்லில் நீலச்சாயம் பூசிச் சுற்றி, பல்லோடு பல் உரசும் பதிவு ஓரத்தில் விழுவதைக் காட்டினார். ஷிம் எனும் மெல்லிய தகட்டு வளையத்தை மாற்றி மாற்றிப் பதிவை நடுப்பல்லுக்குக் கொண்டுவந்த பிறகு, டயல் கேஜ் வைத்து பேக்லாஷ், அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியை, அளந்தார். இடைவெளி குறைந்தால் சூடேறும், கூடினால் பல் மோதும். அளவை மோட்டாரின் மேனுவலில் பார்த்தார், குத்துமதிப்பு இல்லை. அதற்கே காசு கொடுக்கலாம்.

ஆயிலைக் கீழ்த்துளை வழியே ஏற்றி, மேல்துளையில் வழிந்த பிறகே மூடினார்கள். இல்லாவிட்டால் உள்ளே காற்று தங்கிவிடும்.

கூலி அதிகம், பேரம் எடுபடாது. ஃபோனும் எடுக்க மாட்டார்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும்.