வாக்காளர் அட்டையோடு பூடான்: புன்ட்ஷோலிங் நுழைவுச் சேவை எப்படி?

இந்தியர்களுக்குப் பூடான் விசா கிடையாது; அதன் எல்லை ஊரான புன்ட்ஷோலிங்கில் தருவது அனுமதிச் சீட்டு மட்டும்தான். சேவை என்று பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. அதட்டல் இல்லை, தரகர் தேவையில்லை. எல்லையின் இந்தியப் பக்கத்து ஊரான ஜெய்கானில் வண்டியை விட்டு இறங்கியதும் "பர்மிட் எடுத்துத் தர்றோம்" என்று சூழ்பவர்களுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. எஸ்டிஎஃப் எனப்படும் வளர்ச்சிக் கட்டணம், இந்தியர்களுக்கு ஓர் இரவுக்குத் தலைக்கு 1,200 ரூபாய். 6 முதல் 12 வயது வரை பாதி. அதற்குக் கீழே இலவசம். கணவன், மனைவி, எட்டு வயதில் ஒன்று, நான்கு வயதில் ஒன்று என்று நால்வர் நான்கு இரவு தங்கினால் பெரியவர்களுக்கு 9,600, மூத்த பிள்ளைக்கு 2,400, ஆக மொத்தம் 12,000 ரூபாய். அறை வாடகை, வண்டி, சாப்பாடு எல்லாம் இதற்கு மேல். மேலை நாட்டவர் இதே இரவுக்கு 100 டாலர் கட்டுகிறார்கள் என்பதால் இது சலுகைதான். ஆனால் கட்டணமே இல்லாமல் போய்வந்த காலத்தை அறிந்தவர்களுக்குக் கசக்கும். புன்ட்ஷோலிங்கை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு 24 மணி நேரத்துக்குள் திரும்புவோருக்கு இந்தக் கட்டணம் இல்லை.

கவுன்டரில் பயணம் தடைபடுவது பெரும்பாலும் ஆதாரால்தான். ஆதாரும் பான் அட்டையும் இங்கே செல்லாது. குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், இல்லையென்றால் வாக்காளர் அடையாள அட்டை. இரண்டில் ஒன்றை அசலாகக் கையில் வைத்திருங்கள். பதினெட்டு நிரம்பாதவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழ் வேண்டும். கூடவே பெற்றோரோ பொறுப்பாளரோ வர வேண்டும். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கிலப் பிரதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். எதுவுமே இல்லாதவர்களுக்குப் புன்ட்ஷோலிங் இந்தியத் துணைத் தூதரகம் அடையாளச் சீட்டு கொடுக்கும் வழக்கம் உண்டு. அதை நம்பி ரயில் ஏற வேண்டாம்.

ஒரு நாட்டின் ஓட்டு அட்டை இன்னொரு நாட்டுக்குள் போக உதவுவது அபூர்வம்தான். இதில் இன்னொரு சுவையும் உண்டு: 2008 மார்ச்சில் பூடான் தன் முதல் பொதுத்தேர்தலை நடத்தியபோது மக்கள் வாக்களித்தது இந்தியாவில் செய்த மின்னணு இயந்திரங்களில்.

சென்னையிலிருந்து நியூ ஜல்பைகுரிக்கு நேரடி ரயில் இருக்கிறது. எல்லைக்கு மிக அருகில் உள்ள நிலையம் ஹாசிமாரா; அங்கிருந்து ஜெய்கான் 18 கிலோமீட்டர் போல வரும். நடந்து போகிறவர்கள் அலங்கார வாயிலுக்குள் நுழைய முயல வேண்டாம், அது வண்டிகளுக்கு. பாதசாரிகளுக்குத் தனி முனையம் இருக்கிறது. பூடான் நேரம் நம்மைவிட அரை மணி முந்தியது. அங்கே ஒன்பது மணி என்றால் நம் கடிகாரத்தில் எட்டரைதான். இதை மறந்தால் மதிய இடைவேளைக்குள் வேலையை முடிக்க முடியாமல் கதவருகே காத்திருக்க நேரும். தங்குமிட முன்பதிவு, பயணத் திட்டம், புகைப்படம் ஆகியவற்றைத் தாளில் வைத்திருங்கள். ஆன்லைனில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிட்டால் வரிசையில் நிற்கும் நேரம் வெகுவாகக் குறையும்.

சீட்டு கைக்கு வந்ததும் பத்திரப்படுத்துங்கள். ஊருக்கு மேலே ரிஞ்செண்டிங் சோதனைச் சாவடியில் மறுபடி கேட்பார்கள். அங்கிருந்து திம்பு ஐந்தாறு மணி நேரம், மொத்தமும் மலைப்பாதை. குமட்டல் வருகிறவர்கள் வெறும் வயிற்றோடும் ஏற வேண்டாம், வயிறு நிறையவும் ஏற வேண்டாம். 1958இல் நேரு பூடானுக்குப் போனபோது இந்தச் சாலை கிடையாது. சிக்கிமின் நாதுலா கணவாய், திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கு வழியாக மலையேறித்தான் போக வேண்டியிருந்தது. இதைப் போட்டது நம் எல்லைச் சாலை அமைப்பு 1961இல் தொடங்கிய தண்டக் திட்டம். நடுவழியில், இந்திய நிதியில் எழுந்த 336 மெகாவாட் சுக்கா நீர்மின் நிலையம் வரும்.

பணம் மாற்ற அலைய வேண்டாம். 1974இல் வந்த பூடான் நாணயமான நுல்ட்ரம் நம் ரூபாய்க்குச் சரிக்குச் சரி, நம் நோட்டையும் வாங்கிக்கொள்கிறார்கள். நூறுக்கு மேற்பட்ட நோட்டுகள் 25,000 ரூபாய் வரைதான் கொண்டுபோகலாம். மீதியை நூறாகவும் அதற்குக் கீழாகவும் வைத்துக்கொள்ளுங்கள். 2021இலிருந்து யுபிஐ இருக்கிறது, ஆனால் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்பே இயக்கியிருக்க வேண்டும். சிறு கடைகளில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் உள்ளூர் வங்கியின் கியூஆர், அதில் நம் செயலி வேலை செய்யாது. கையில் மிஞ்சும் நுல்ட்ரத்தை ஜெய்கானிலேயே செலவழித்துவிடுங்கள். சிலிகுரி தாண்டினால் யாரும் தொட மாட்டார்கள்.

இந்தச் சேவையில் எனக்குப் பிடிக்காதது, விதிகள் மாறும் வேகமும் அதைப் பயணிகளுக்குச் சொல்லாத மெத்தனமும். திம்பு, பாரோ இரண்டிலும் தனியாகச் சுற்றலாம். புனாக்கா பக்கம் போக வழிகாட்டி வேண்டும் என்பது பலருக்கு அறை பதிவு செய்த பிறகுதான் தெரிகிறது. இந்தியப் பதிவெண் வண்டிக்குத் தனி நாள்கட்டணம் உண்டு. இரண்டு மூன்று பேர் என்றால் புன்ட்ஷோலிங்கிலேயே பூடான் டாக்சி பிடிப்பது மலிவு. வழிகாட்டி விதியையும் வண்டிக் கட்டணத்தையும் முன்பதிவுக்கு முன்பே குடிவரவுத் துறை இணையதளத்தில் சரிபாருங்கள்.

மதிப்பெண்: கவுன்டர் ஊழியர்களுக்கு ஐந்துக்கு நாலரை, தகவல் பலகைகளுக்கு இரண்டு. கூட்டம் தாங்காத மே மாத விடுமுறையைத் தவிர்த்து, அக்டோபரில் போங்கள்.