வில்லுக்குறி தாண்டி ஒரு பழைய ஓட்டுக் கடை

பழைய ஓடு தேடி அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாகர்கோவிலில் தக்கலை பஸ் ஏறி, பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி எல்லாம் தாண்டியதும் இடது பக்கம் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு தென்னந்தோப்புக்குள் கதவும் நிலையும் ஜன்னலும் வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பது தெரியும். பெயர்ப்பலகை கிடையாது. "இடிச்ச வீட்டுச் சாமான் கடை" என்று கேட்டால் கண்டக்டருக்கே தெரிகிறது. போன சித்திரையில் அங்கே 175 ஓடு வாங்கினேன். ஆனிச் சாரலும் ஐப்பசி மழையும் அந்தக் கூரைமேல் பெய்து தீரட்டும் என்று இத்தனை மாதம் பொறுத்திருந்துதான் எழுதுகிறேன். அடுக்களைக்குள் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

எங்கள் வீடு கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு முடுக்குக்குள் இருக்கிறது. முன்வீடு கான்கிரீட். பின்னால் அடுக்களை மட்டும் மாமியாரின் மாமனார் காலத்து ஓட்டுக் கட்டடம். 14 அடி நீளம், முகட்டிலிருந்து இரண்டு பக்கமும் எட்டெட்டு அடி இறக்கம். ஒரு ஓரத்தில் விறகடுப்பு, இன்னொரு ஓரத்தில் என் தையல் மெஷின். பங்குனி வெயிலில் முன்வீட்டுக்குள் இருக்க முடியாதபோது நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருப்போம்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயலில் அடுத்த வளவுத் தென்னை அந்தக் கூரைமேல் விழுந்தது. ஏறக்குறையப் பாதி ஓடு போயிற்று. அந்த வாரம் மாவட்டம் முழுக்க மரமும் கரண்ட் கம்பமும் சாய்ந்து கிடந்தன. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஓடு வேண்டியிருந்தது. டெம்போவில் கொண்டுவந்து இறக்கியதை, என்ன ஏது என்று பார்க்காமல் வாங்கி மேலே போட்டோம். அதிலிருந்து ஆரம்பித்ததுதான் ஒழுகல். சிமெண்ட் பூசிப் பார்த்தோம், தார் ஷீட் ஒட்டிப் பார்த்தோம், தார்ப்பாய் போட்டுக் கல் ஏற்றினோம். ஒரு இடத்தில் நின்றால் இரண்டடி தள்ளி இன்னொரு இடத்தில் சொட்டும். ஓட்டின் அடிப்புறம் பல வருடத்து அடுப்புக் கரி பிடித்தது, அதனால் விழுகிற சொட்டு கறுப்பாகத்தான் விழும். ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட்மேல் அப்படி ஒரு சொட்டு விழுந்து, துணிக்காசை நான் கொடுத்தேன். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஓட்டைக் கழற்றிவிட்டுத் தகர ஷீட் போடச் சொன்னவர்கள் நிறைய. எனக்கு மனம் வரவில்லை. மழை பெய்தால் ஷீட்டுக்கு அடியில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வெயிலில் உள்ளே உட்கார்ந்து தைக்க முடியாது. கடல் காற்றுக்கு ஆணி அடித்த இடமெல்லாம் துருப்பிடிக்கும். விறகடுப்புப் புகை வெளியே போக ஓட்டுக்கு இடையில் இருக்கும் சந்து போதும், ஷீட் என்றால் அதற்கும் தனியாக வழி விட வேண்டும்.

எதிர் வீட்டு அக்காதான் இந்தக் கடையைச் சொன்னார். போகும்போது கூரையிலிருந்து இரண்டு ஓட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று அந்தக் காலத்து ஓடு, இன்னொன்று புயலுக்குப் பிறகு வாங்கியது. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். இரண்டையும் வாங்கி, மண்ணில் பக்கம் பக்கமாக வைத்து, ஒன்றின் ஓரத்தை மற்றதன் காடியில், அதாவது ஓரத்துப் பள்ளத்தில், பொருத்தினார். பொருந்துவது போலத்தான் இருந்தது. அப்புறம் என் விரலைப் பிடித்து அந்தச் சேர்மானத்தில் வைத்தார். மேல் முனையில் விரல் நுழையவில்லை, கீழ் முனையில் சுண்டுவிரல் நகம் உள்ளே போனது.

"இது ரெண்டும் ரெண்டு அச்சு மக்ளே. எப்பிடிச் சேரும்?" என்றார்.

இத்தனை வருட ஒழுகலுக்குக் காரணம் அந்த நகம் போகிற சந்துதான். மங்களூர் ஓடு என்று பொதுவாகச் சொல்கிறோம், பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தொழிற்சாலையின் அச்சும் காடியின் ஆழத்திலும் ஓரத்தின் அகலத்திலும் நூல் நூலாக வித்தியாசப்படும். ஒரே அச்சு ஓடுகள் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். அச்சு மாறினால் சும்மா பக்கத்தில் கிடக்கும், அவ்வளவுதான். நேராகப் பெய்கிற மழையை அது தாங்கும். காற்று தூக்கி அடிக்கிற மழையைத் தாங்காது. நமக்கு ஆனியிலும் காற்று மழை, ஐப்பசியிலும் காற்று மழை. நான் தையல்காரி என்பதால் எனக்கு உடனே புரிந்தது. கையை ஒரு அளவிலும் ஆம்ஹோலை இன்னொரு அளவிலும் வெட்டிவிட்டு எவ்வளவு இழுத்துத் தைத்தாலும் எங்கேயாவது சுருக்கம் விழத்தானே செய்யும்.

இந்தக் கடையின் பெரிய குணம் இதுதான்: ஓட்டை அச்சு வாரியாகப் பிரித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஓட்டைத் திருப்பினால் முதுகில் ஊரும் தொழிற்சாலைப் பெயரும் பதிந்திருக்கும். கொல்லத்து ஓடு ஒரு அட்டி, ஒல்லூர் ஓடு ஒரு அட்டி, கோழிக்கோட்டுப் பக்கத்து ஃபெரோக் ஓடு இன்னொரு அட்டி. அதற்குள்ளும் கடலோரத்து வீட்டில் இறக்கியதைத் தனியாக வைத்திருக்கிறார். மணவாளக்குறிச்சிப் பக்கம் இடித்த வீட்டு ஓடு ஒன்றைக் கையில் கொடுத்தார். தடவினால் மேல்தோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உப்பு உள்ளே ஊறி, காயும்போது உறைந்து, தோலைத் தள்ளிவிடுமாம். "இதை மாட்டுக் கொட்டகைக்குத்தான் குடுப்பேன், அடுக்களைக்கு வேண்டாம்" என்றார். விலையும் குறைவுதான். கேட்டிருந்தால் எனக்கு அதையே தள்ளிவிட்டிருக்கலாம், எனக்கு அன்று வித்தியாசம் தெரிந்திருக்காது.

எங்கள் பழைய ஓட்டின் முதுகில் ஆங்கிலத்தில் பாசல் மிஷன் என்றும் 1865 என்றும் இருக்கிறது. ஓடு 1865-இல் செய்தது, நூற்றைம்பது வருடம் தாண்டியது என்றுதான் மாமியார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதையே கடையில் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிக் கூட்டத்தார் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம் 1865. அதைத்தான் பெயரோடு சேர்த்து ஓட்டில் பதித்தார்கள், அதனால் பல வருடம் கழித்துச் செய்த ஓட்டிலும் அதே 1865 இருக்கும் என்றார். ரிசார்ட் கட்டுகிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இரண்டு மடங்கு விலை தரத் தயாராக வருகிறார்களாம். அவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன் என்றார். மாமியாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை கூடிவிட்டது.

அதே பாசல் மிஷன் அச்சு ஒரு அட்டி இருந்தது. தேர்ந்தெடுக்கும் விதத்தைச் சொல்கிறேன், எங்கே வாங்கினாலும் உதவும். ஓட்டை ஒரு கையில் தொங்கவிட்டு, மறு கையால் சாவி வைத்துத் தட்ட வேண்டும். வெந்த ஓடு கணீர் என்று கேட்கும். கீறல் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத கீறலானாலும், சத்தம் டொக் என்று அடைத்துவிடும். அப்புறம் பட்டியலில், அதாவது ஓட்டைத் தாங்கக் கூரையில் குறுக்கே அடிக்கும் மரச்சட்டத்தில், மாட்டும் மூக்கு முழுதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூக்கு உடைந்த ஓடு முதல் காற்றுக்கே சறுக்கி இறங்கிவிடும். கடைசியாக, ஓட்டின் குழிவில் ஒரு செம்பு தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அடியில் தடவிப் பார்ப்பது. 175 ஓட்டையும் அவரும் அங்கே வேலை பார்க்கிற பையனும் என் முன்னால் தட்டித்தான் எடுத்தார்கள். 30 ஓட்டுக்குமேல் ஒதுக்கினார்கள். பாசி பிடித்திருப்பதைப் பற்றிக் கவலைப்படாதே, இரும்பு பிரஷ் போட்டுத் தேய்த்தால் போகும், ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதே என்று இரண்டு தரம் சொன்னார்.

பட்டியல் இடைவெளி எவ்வளவு என்று எங்கள் ஆசாரி கேட்டு வரச் சொல்லியிருந்தார். கடைக்காரர் எண்ணாகச் சொல்லவில்லை, தரையில் செய்து காட்டினார். பதினொரு ஓட்டை ஒன்றன்கீழ் ஒன்றாகப் படுக்க வைத்து, நெருக்கித் தள்ளி, முதல் ஓட்டின் மூக்கிலிருந்து கடைசி ஓட்டின் மூக்குவரை டேப் பிடித்தார். 10 அடி 2 அங்குலம். பிறகு கவ்வல் விடாத அளவுக்கு எல்லாவற்றையும் இழுத்துப் பரப்பி மறுபடி பிடித்தார். 10 அடி 8 அங்குலம். இரண்டுக்கும் நடுவில் 10 அடி 5 அங்குலம், அதைப் பத்தால் வகுத்தால் பன்னிரண்டரை அங்குலம். இதை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்னால் எழுதிக் கொடுத்தார். ஆசாரி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, மறு பேச்சு இல்லாமல் பழைய பட்டியலைப் பிரித்துப் புது அளவில் அடித்தார். பழைய பட்டியல் சில இடத்தில் பதின்மூன்று அங்குலத்துக்குமேல் அகன்றிருந்ததாம்.

குறை சொல்ல வேண்டியதும் இருக்கிறது. ஓடு ஒன்றுக்கு எனக்கு 18 ரூபாய் போட்டார், 175-க்கு 3,150. அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் ஏற்றுக்கூலி 300 ரூபாய் தனி என்பதை வண்டியில் ஏற்றி முடித்த பிறகுதான் சொன்னார்கள். முதலிலேயே சொல்லியிருக்கலாம். இன்னொன்று, மரம் வாங்கினால் கவனமாகப் பாருங்கள். அயனிப் பட்டியல் 30 வாங்கியதில் இரண்டு உளுத்திருந்தது. திரும்பக் கொண்டுபோனபோது பேசாமல் மாற்றித் தந்தார்தான், ஆனால் ஓட்டைத் தட்டிப் பார்க்கிற அக்கறை மரத்தில் இல்லை. முகட்டு ஓடு எங்கள் அச்சில் இல்லை, ஒல்லூர் ஓடுதான் கிடைத்தது. முகட்டைச் சாந்து வைத்து உட்கார வைப்பதால் அச்சு மாறினாலும் பாதகமில்லை என்று ஆசாரியும் சொன்னார், அப்படியே போட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள், கோயிலுக்குப் போய்விட்டு மதியத்துக்கு மேல்தான் திறப்பார்.

வண்டி வாடகை 900. குட்டி யானை எங்கள் முடுக்குக்குள் நுழையாது. ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, இனி நூற்றைம்பது அடி எப்படிச் சுமப்பது என்று நான் நின்றுகொண்டிருந்தபோது, எதிர் வீட்டு அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றார். அவர் பின்னால் அவர் மகன், அடுத்த வளவு மாமா, கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்த நாலு பையன்கள். வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி முக்கால் மணி நேரத்தில் அத்தனை ஓடும் கிணற்றடிக்கு வந்துவிட்டது. உடைந்தது மூன்றே மூன்று. மாமியார் எல்லோருக்கும் கட்டஞ்சாயாவும் பழம்பொரியும் கொடுத்தார். அந்த மாமா வீட்டுத் தென்னைதான் அன்று எங்கள் கூரைமேல் விழுந்தது. இத்தனை வருடமாக அதைப்பற்றி அவரும் பேசியதில்லை, நாங்களும் பேசியதில்லை. அன்று கடைசி ஓட்டை அவர்தான் என் கையில் தந்தார்.

ஆசாரிக்கும் கூட ஒருவருக்கும் மூன்று நாள் வேலை. கூரைக்கு மொத்தம் 336 ஓடு வேண்டியிருந்தது. பழைய பாசல் மிஷன் ஓட்டில் 180 நல்லதாகத் தேறியது, மீதி 156 புதிதாக வாங்கியதில் இருந்து. ஒவ்வொரு ஓடும் உட்காரும்போது க்ளிக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். கீழே மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். புயலுக்குப் பிறகு போட்ட ஓட்டைப் பிரிக்கும்போது அப்படி ஒரு சத்தமும் வரவில்லை, சும்மா கையோடு வந்தது.

16 ஓடு மிச்சம் இருக்கிறது, கிணற்றடியில் அடுக்கி வைத்திருக்கிறேன். எதிர் வீட்டு அக்காவின் தொழுவத்திலும் ஒழுகல் உண்டு, அதற்கு இது ஆகுமா என்று ஒன்றை எடுத்துப்போய் வைத்துப் பார்த்தார். அவர்கள் ஓடு கொல்லத்து அச்சு, சேரவில்லை. வருகிற சனிக்கிழமை வில்லுக்குறிக்குப் போகிறார், நானும் கூடப் போகிறேன். மாதிரிக்கு அவர் கூரையிலிருந்து ஒரு ஓட்டைக் கழற்றி, பழைய லுங்கியில் சுற்றி, வயர்கூடைக்குள் இப்போதே வைத்தாயிற்று.