டிக், ஆர்க், கட்டிங் மூன்றும் ஒரே பெட்டியில்: பட்டறையில் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

கிரில், கேட், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி, இதுதான் எங்கள் பட்டறையின் பிழைப்பு. நடுநடுவே ஹோட்டல் சமையலறை மேசை, சிங்க் வேலையும் வரும். டிக் (டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் வைத்துப் பற்ற வைப்பது), ஆர்க் (ராடை உருக்கிப் பற்ற வைப்பது), பிளாஸ்மா கட்டிங் (கரண்டும் காற்றும் சேர்ந்து தகட்டை வெட்டுவது) மூன்றும் செய்யும் த்ரீ-இன்-ஒன் மெஷினைப் பல வருடம் ஓட்டினோம். இப்போது வெட்டுவதற்கு ஒன்று, பற்ற வைப்பதற்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறோம். புதிதாகப் பட்டறை போடுகிறவர்கள் “எதை வாங்கலாம்ணே?” என்று கேட்டால், டிக்கும் ஆர்க்கும் சேர்ந்தே இருக்கட்டும், கட்டரை மட்டும் தனியாக வாங்கு என்றுதான் சொல்கிறேன்.

ஆர்க்கும் டிக்கும் ஒரே ஜாதி. இரண்டிலும் கரண்ட் அதிகம், வோல்டேஜ் குறைவு. 100 ஆம்பியரில் ராடு எரியும்போது சுமார் 24 வோல்ட் இருக்கும். அதே கரண்டில் டிக் என்றால் 14 வோல்ட் அளவுதான். அதனால் டிக் மெஷினில் ஹோல்டரை மாட்டி ராடு ஓட்டுவதில் மெஷினுக்கு ஒரு சிரமமும் இல்லை. பிளாஸ்மா தலைகீழ். 40 ஆம்பியர்தான் போகும், ஆனால் வெட்டும்போது 95 வோல்ட் பக்கம் நிற்கும். ஆர்க் (மின்பொறி) பிடிப்பதற்கு முன் 200 வோல்ட்டுக்கு மேலேயே காத்திருக்கும். (டார்ச் முனையிலுள்ள டிப்பை மாற்றும்போது மெயினை அணை என்று பையன்களிடம் எத்தனை தடவை சொன்னாலும் போதாது.) மெஷினுக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் ஒரே இன்வெர்ட்டர் சர்க்யூட் இந்த இரண்டு குணத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும். விலை குறைவான மெஷினில் எங்கேயாவது ஒரு பக்கம் இழுபறி ஆகத்தான் செய்யும்.

எங்களுக்கு முதலில் தெரிந்த தொல்லை கேஸ் லைனில். அந்த மெஷினுக்குப் பின்னால் ஒரே ஒரு கேஸ் வழி. வெட்டும்போது கம்ப்ரசர் காற்று, டிக் ஓட்டும்போது ஆர்கான், இரண்டும் அதே வால்வு வழியாகத்தான் போக வேண்டும். கம்ப்ரசர் காற்றில் ஈரமும் எண்ணெயும் கொஞ்சம் வரும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். காலையில் ஷீட் வெட்டிவிட்டு மதியம் கைப்பிடிக்கு டிக் ஓட்டினால் டங்ஸ்டன் முனை கறுத்துப்போகும், பற்றிய இடத்தில் ஊசி குத்தியது போல ஓட்டை விழும். ஆர்கானைக் கொஞ்ச நேரம் சும்மா திறந்துவிட்டு லைனைக் கழுவினால்தான் சரியாகும். ஆர்கான் என்ன, தண்ணீரா? காற்றில் வரும் ஈரத்தைப் பிடிக்கும் வாட்டர் டிராப் போட்ட பிறகு குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. காற்றுக்கும் ஆர்கானுக்கும் தனித்தனி வழி உள்ள காம்போக்களும் உண்டு. வாங்குவதாக இருந்தால் அதைத்தான் வாங்க வேண்டும்.

அப்புறம் சூடு. மெஷின் பலகையில் 60 சதவீதம் டியூட்டி சைக்கிள் என்று இருந்தால், 10 நிமிடத்தில் 6 நிமிடம் வேலை, 4 நிமிடம் ஓய்வு. அந்தக் கணக்கு 40 டிகிரி வெப்பத்தில் போட்டதா, இல்லை அதைவிடக் குளிர்ந்த இடத்தில் போட்டதா என்று கவனிக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மாதம் 40 டிகிரி என்பதே சலுகை. நீளமான ஷீட்டை வெட்டி முடித்ததும் மஞ்சள் விளக்கு எரியும். உடனே பற்ற வைக்கவும் முடியாது, சூடு பொதுவாயிற்றே. ஒருவர் வெட்ட, இன்னொருவர் பற்ற வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே ஆள் வேலை செய்யும்வரை இது உறைக்காது. இரண்டாவது வெல்டர் சேர்ந்த மறுநாளே உறைக்கும்.

கடைசியில் போர்டு போயிற்று. கிரைண்டர் தூசியை ஃபேன் உள்ளே இழுத்து, இரும்புத்தூள் போர்டில் படிந்திருந்தது. ரிப்பேர் கடையில் போர்டு வரவழைக்க வேண்டும் என்று நாள் கடத்தினார்கள். டிக் இல்லை, ஆர்க் இல்லை, கட்டிங்கும் இல்லை. மூலையில் கிடந்த பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினைத் துடைத்து, பத்தாம் நம்பர் ராடில்தான் அந்த வார கேட்டை முடித்துக் கொடுத்தோம். மெஷின் தனித்தனியாக இருந்தால் தூசியால் ஒன்று போனாலும் மற்றது ஓடும்.

அந்த மெஷினால் நன்மையே இல்லை என்று சொன்னால் பொய். கேஸ் கட்டிங்கில் எஸ்எஸ் வெட்ட முடியாது. குரோமியம் ஆக்ஸைடு ஆக்சிஜனைத் தடுத்துவிடும். 2 எம்எம் எஸ்எஸ் ஷீட்டில் சிங்க்குக்கு வளைவு வெட்டும் வேலையை முன்பெல்லாம் வெளியே கொடுத்துக்கொண்டிருந்தோம். இந்த மெஷின் வந்துதான் பட்டறைக்குள்ளேயே செய்தோம். சைட்டுக்குப் போகும்போது டாடா ஏஸில் ஒரு பெட்டியை ஏற்றினால் போதும். ஆனால் கம்ப்ரசரும் கூடவே ஏற வேண்டும். கட்டிங் உள்ள எந்த மெஷின் வாங்கினாலும் கம்ப்ரசரையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும். சிங்கிள் பேஸில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஆன் செய்தால் எம்சிபி விழும். கம்ப்ரசர் டேங்க் நிரம்பி நின்ற பிறகு வெட்டினால் தாங்கும்.

மிக் (கம்பி தானாக ஓடிவந்து பற்ற வைப்பது) சேர்ந்த காம்போவை நான் சொந்தமாக ஓட்டியதில்லை. சிஓ2, ஆர்கான் என்று இரண்டு சிலிண்டர் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அலுமினியம் ஓட்டலாம் என்று நம்பியும் த்ரீ-இன்-ஒன் வாங்காதீர்கள். அதற்கு ஏசி டிக் வேண்டும். இந்த வகையில் பெரும்பாலும் டிசி மட்டும்தான்.

தனியாள், இடம் குறைவு, வெட்டு வேலை எப்போதாவதுதான் என்றால் காம்போ போதும். கையில் காசு அளவாக இருந்தால் முதலில் டிக்-ஆர்க் மெஷின், பிறகு வேலை வரும்போது கட்டர். கட்டரில் பைலட் ஆர்க் (தகட்டைத் தொடாமலே டார்ச்சில் முதலில் எரியும் சின்னப் பொறி) உள்ளதாகப் பாருங்கள். இல்லாவிட்டால் பெயின்ட் அடித்த தகட்டிலும் துளைத் தகட்டிலும் ஆர்க் பிடிக்காமல் உயிரை வாங்கும். டிப்பும் எலெக்ட்ரோடும் அடிக்கடி தேயும் சாமான், அதனால் டார்ச் மாடலைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதற்கான டிப் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.