நரம்பு வலிக்குக் கூட்டு மருந்து: எந்தக் காப்புரிமை கைகொடுக்கும்?

நரம்பே பழுதாவதால் வரும் நரம்பு வலி ஒரே மருந்தில் அடங்கிவிடுவது குறைவு. 2015-ல் லான்செட் நியூராலஜி இதழில் வந்த தொகுப்பாய்வின் கணக்கைப் பாருங்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரையால் கிடைப்பதற்கு மேல் கூடுதலாக ஒரே ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய வேண்டுமென்றால், அமிட்ரிப்டிலின் வகை மருந்தை 3.6 பேருக்குக் கொடுக்க வேண்டும். டுலாக்ஸெடின் வகை என்றால் 6.4 பேர், ப்ரீகாபலின் என்றால் 7.7 பேர். முதல் வரிசை மருந்துகளின், அதாவது மருத்துவர்கள் முதலில் எழுதுகிறவற்றின், லட்சணமே இதுதான். அதனால் ஒன்று போதாதபோது மருத்துவர்கள் இன்னொன்றையும் சேர்த்து எழுதுகிறார்கள். உடனே மருந்து நிறுவனத்துக்கு யோசனை வருகிறது: இரண்டையும் ஒரே மாத்திரையாக்கிக் காப்புரிமை வாங்கினால் என்ன?

வாங்கலாம், சரி. ஆனால் எதன்மேல் வாங்குவது? கலவையின் மேலா, விகிதத்தின் மேலா, பயன்பாட்டின் மேலா, மாத்திரையின் வடிவத்தின் மேலா? நான்கும் காகிதத்தில் ஒரே மாதிரி 20 ஆண்டு உரிமைதான். நீதிமன்றத்துக்கும் மருந்துக்கடைக்கும் போனால்தான் எது நிற்கும், எது ஒழுகும் என்று தெரிகிறது.

கலவையின் மேல் உரிமை

‘இன்ன மருந்தும் இன்ன மருந்தும் அடங்கிய மாத்திரை’ என்று கோருவது. கிடைத்துவிட்டால் இதைவிடப் பலமானது இல்லை. எந்த நோய்க்கு விற்றாலும், யார் எழுதிக் கொடுத்தாலும், அந்த மாத்திரையைத் தயாரித்தவர் மாட்டிக்கொள்வார். மருத்துவரின் மனதில் என்ன இருந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை.

கிடைப்பதுதான் கஷ்டம். ஒரே வேலைக்கென்று ஏற்கெனவே தெரிந்த இரண்டு பொருள்களைச் சேர்ப்பது யாருக்கும் தோன்றக்கூடியதுதான் என்பது அமெரிக்கக் காப்புரிமைப் பரிசோதகர்கள் முதலில் கையிலெடுக்கும் வாதம். அதற்கு அவர்கள் காட்டும் 1980-ம் ஆண்டு கெர்கோவன் தீர்ப்பு மருந்தைப் பற்றியதே அல்ல, சலவைத்தூளைப் பற்றியது! 2007-ல் கே.எஸ்.ஆர். எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தக் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தியது. எதிர்பார்த்த பலனையே தரும் சேர்க்கைக்கு உரிமை இல்லை என்றது.

இந்தியச் சட்டம் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. பிரிவு 3(இ)-யின்படி, பொருள்களின் குணங்கள் வெறுமனே ஒன்றுசேர்வதைத் தவிர வேறெதையும் தராத கலவை கண்டுபிடிப்பே ஆகாது. பிரிவு 3(டி)-யின் விளக்கத்திலும் ‘சேர்க்கைகள்’ பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகின்றன. செயல்திறனில் கணிசமான வேறுபாடு காட்டாவிட்டால் அவையும் பழைய பொருள்தான். அந்தச் செயல்திறன் என்பது நோயைத் தீர்க்கும் திறன்தான் என்று 2013 ஏப்ரல் 1-ம் தேதி நோவார்ட்டிஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது.

ஆக எங்கே போனாலும், இரண்டும் இரண்டும் சேர்ந்து ஐந்தாகிறது என்று காட்ட வேண்டும். இதற்கு வழக்கமான வழி எலிச் சோதனை. முதுகுத் தண்டிலிருந்து வரும் நரம்பைக் கட்டி எலிக்கு நரம்பு வலி உண்டாக்குவார்கள். பிறகு மெல்லிய இழைகளால் அதன் பாதத்தைத் தொட்டு, எவ்வளவு அழுத்தத்தில் காலை இழுக்கிறது என்று அளப்பார்கள். முதல் மருந்து தனியாகப் பாதி பலன் தரும் டோஸை ஓர் அச்சிலும், இரண்டாவது மருந்தின் டோஸை இன்னோர் அச்சிலும் குறித்து ஒரு கோட்டால் இணைப்பார்கள். சேர்த்துக் கொடுத்தபோது தேவைப்பட்ட டோஸ்களின் புள்ளி அந்தக் கோட்டுக்கு நன்றாகக் கீழே விழுந்தால், அது வெறும் கூட்டல் அல்ல. மனுவில் இந்த வரைபடம் இருந்தால் பரிசோதகரோடு வாதாடத் தெம்பு வரும்.

ஆனால் எலியில் விழுந்த புள்ளி மனிதரிலும் அங்கேயே விழும் என்று உத்தரவாதம் இல்லை. மார்ஃபினோடு இருமல் மருந்தான டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனைச் சேர்த்த மார்ஃபிடெக்ஸ் அப்படித்தான் கவிழ்ந்தது. நாள்பட்ட வலியில் நடந்த மூன்று பெரிய ஆய்வுகளிலும் அந்தச் சேர்க்கை மார்ஃபினின் வேலையைக் கூட்டவுமில்லை, உடல் அதற்குப் பழகிப்போவதைக் குறைக்கவுமில்லை. 2005-ல் அந்த முடிவுகள் வெளிவந்தன.

மனிதரில் நன்றாக வேலை செய்த சேர்க்கையின் கதை இன்னும் விசித்திரமானது. 2005-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த கில்ரான் குழுவின் ஆய்வில் 57 பேர் சேர்ந்தார்கள். பத்துக்கு 5.72 ஆக இருந்த சராசரி வலி, நரம்பு வலிக்குக் கொடுக்கும் காபாபென்டினில் 4.15 ஆகவும், மார்ஃபினில் 3.70 ஆகவும், இரண்டும் சேர்ந்தபோது 3.06 ஆகவும் இறங்கியது. அதுவும் குறைந்த டோஸிலேயே. தனியாகச் சராசரியாக 45.3 மி.கி. வரை தாங்கிய மார்ஃபின் சேர்க்கையில் 34.4 மி.கி.தான். காபாபென்டின் 2,207-லிருந்து 1,705 மி.கி. ஆனது. நோயாளிக்கு இது நல்ல செய்தி. காப்புரிமைக்கு இது அரைகுறைச் செய்தி. ஒவ்வொருவருக்கும் தாங்கும் வரை டோஸை ஏற்றிப் பார்க்கும் இந்த மாதிரி ஆய்வு, பலன் வெறும் கூட்டலா அதற்கு மேலா என்பதைப் பிரித்துச் சொல்வதற்காக அமைக்கப்பட்டதல்ல.

இங்கே இரண்டு அலுவலகங்கள் இரண்டு வேறு கேள்விகளைக் கேட்கின்றன. மாத்திரையில் உள்ள ஒவ்வொரு மருந்தும் பலனுக்குத் தன் பங்கைத் தருகிறதா என்பது அமெரிக்க மருந்து ஒப்புதல் விதியின் கேள்வி. யாரும் எதிர்பாராத பங்கு ஏதாவது இருக்கிறதா என்பது காப்புரிமை அலுவலகத்தின் கேள்வி. முதலாவதற்கு ‘ஆம்’ என்று நேர்மையாகக் காட்டிய அதே தரவு, இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று சாட்சி சொல்லிவிடலாம்.

விகிதத்தின் மேல் உரிமை

கலவை முழுவதும் கிடைக்காதபோது, ‘இந்த விகிதத்தில் சேர்த்தால்’ என்று குறுக்கிக் கோருவார்கள். கிடைக்கும் வாய்ப்பு கூடும், தப்பிக்கும் வழியும் கூடும். ட்ரமடாலும் பாரசிட்டமாலும் சேர்ந்த அல்ட்ராசெட் வழக்கு இதற்குப் பாடம். வழக்கில் மிஞ்சிய கோரல் (காப்புரிமையில் உரிமையின் எல்லையைச் சொல்லும் வரி) ‘ஏறக்குறைய 1:5’ என்ற எடை விகிதம். அதை எவ்வளவு தளர்த்திப் படித்தாலும் 1:7.1-க்கு மேல் போகாது என்றது நீதிமன்றம். போட்டி நிறுவனமான கராக்கோவின் மாத்திரை சராசரியாக 1:8.67. மீறல் இல்லை என்று 2007-ல் மேல்முறையீட்டிலும் உறுதியானது. இதில் வேடிக்கை என்னவென்றால், அல்ட்ராசெட் மாத்திரையிலேயே 37.5 மி.கி. ட்ரமடாலும் 325 மி.கி. பாரசிட்டமாலும்தான். வகுத்துப் பாருங்கள், அதுவும் 1:8.67! சொந்த மாத்திரைக்கே பொருந்தாத வேலியை வைத்து அடுத்தவரை எப்படித் தடுப்பது?

நரம்பு வலியில் விகிதம் இன்னும் பலவீனம். காபாபென்டினை 300 மி.கி.யில் தொடங்கி 3,600 வரை, நாளுக்கு மூன்று வேளையாக ஏற்றுவார்கள். அமிட்ரிப்டிலின் வகையான நார்ட்ரிப்டிலினை இரவில் ஒரு வேளை, சிறு டோஸில் தொடங்குவார்கள். சிறுநீரகம் சரியில்லாதவருக்கு முதலாவதைக் குறைக்க வேண்டும், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவருக்கு இரண்டாவதை. இப்படித் தனித்தனியாக ஏறி இறங்கும் இரண்டை ஒரே விகிதத்தில் பூட்டினால், மருத்துவர் பழையபடி இரண்டு தனி மாத்திரைகளையே எழுதுவார். உங்கள் காப்புரிமை பத்திரமாக இருக்கும், மாத்திரை விற்காது.

பயன்பாட்டின் மேல் உரிமை

இரண்டு மருந்துகளையும் நரம்பு வலிக்குச் சேர்த்துக் கொடுப்பதையே கோரினால் விகிதத் தொல்லை இல்லை. ஒரே மாத்திரையாகவும் இருக்கலாம், தனித்தனியாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் சிகிச்சை முறையாகக் கோரலாம். ஐரோப்பாவில் ‘இன்ன நோயில் பயன்படுத்துவதற்கான இன்ன மருந்து’ என்ற வடிவில் கோரலாம். இந்தியாவில் இந்தக் கதவே இல்லை. சிகிச்சை முறைக்குப் பிரிவு 3(ஐ) தடை, தெரிந்த பொருளின் புதிய பயனுக்கு 3(டி) தடை.

கிடைக்கிற நாடுகளில் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனில் நடந்த ப்ரீகாபலின் வழக்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. அது தனி மருந்துதான். ஆனால் சிக்கல் கூட்டு மருந்துக்கும் அப்படியே பொருந்தும். மூலக்கூறின் மேலான உரிமை முடிந்துவிட்டது, வலிக்கான பயன்பாட்டு உரிமை மட்டும் மிச்சம். 2015-ல் ஆக்டாவிஸ் நிறுவனம் லேபிளில் வலியை விட்டுவிட்டு, வலிப்புக்கும் பதற்ற நோய்க்கும் மட்டும் என்று தன் ஜெனரிக்கை, அதாவது அதே மருந்தின் மலிவான நகலை, கொண்டுவந்தது. மருந்துச்சீட்டில் ‘ப்ரீகாபலின்’ என்று மட்டும் இருக்கும். எந்த நோய்க்கு என்று இருக்காது. மருந்தாளுநர் எதை எடுத்துக் கொடுப்பார்? விலை குறைந்ததைத்தான். கடைசியில், நரம்பு வலிக்கு எழுதும்போது லிரிகா என்று பிராண்ட் பெயரையே எழுதுங்கள் என்று இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் அனுப்ப வேண்டியதாயிற்று. ஒரு காப்புரிமையைக் காப்பாற்ற ஒரு நாட்டின் மருந்துச்சீட்டுப் பழக்கத்தையே மாற்றச் சொல்வதுபோல.

அப்புறம் அந்த உரிமையே நிற்கவில்லை. 2018 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ‘வலி’, ‘நரம்பு வலி’ என்ற பரந்த கோரல்களைச் செல்லாதவை ஆக்கியது. மனுவில் இருந்த எலிச் சோதனைகள் அழற்சி வலி போன்றவற்றுக்கானவை. அவற்றிலிருந்து நரம்பு வலிக்கும் கேட்கும் என்று நம்பக் காரணம் எங்கே என்று ஐந்து நீதிபதிகளில் மூவர் கேட்டார்கள். தாக்கல் செய்த நாளில் கையில் தரவு இல்லாவிட்டால், மருந்து பிற்பாடு உலகம் முழுக்க வேலை செய்தாலும் அந்த ஓட்டை அடைபடாது. 2023-ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விரிவு அமர்வு, பிற்பாடு வந்த தரவைக் காட்ட ஓரளவு இடம் கொடுத்தது. ஆனால் அந்தப் பலன் மூல மனுவின் போதனைக்குள் அடங்கியதாக இருக்க வேண்டும்.

கூட்டு மருந்தில் இன்னொரு ஒழுகல். இரண்டுமே பழைய ஜெனரிக் மருந்துகள் என்றால், இரண்டு தயாரிப்பாளர்களில் ஒருவரும் ‘சேர்த்துக் கொடுங்கள்’ என்று லேபிளில் எழுதியிருக்க மாட்டார். சேர்த்தவர் மருத்துவர். அவர்மேல் வழக்குப் போட்டு எந்த நிறுவனம் வாழ்ந்தது?

வடிவத்தின் மேலும், துணை மருந்தின் மேலும்

என் கணக்கில் அதிகம் கவனிக்கப்படாத, ஆனால் நிற்கக்கூடிய வழி இதுதான். இரண்டு வலிமருந்துகளைச் சேர்ப்பதற்குப் பதிலாக, ஒன்றின் குறையை இன்னொன்றால் சரிசெய்வது. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனை நம் கல்லீரலின் ஒரு நொதி வேகமாகச் சிதைத்துவிடும். அந்த நொதியைத் தடுக்க, இதயத் துடிப்புக்கான பழைய மருந்தான குவினிடினைச் சிறு அளவில் சேர்த்தார்கள். குவினிடின் வலிமருந்தே அல்ல. ‘ஒரே வேலைக்கு இரண்டு பொருள்’ என்ற சலவைத்தூள் வாதம் இங்கே அவ்வளவு எளிதாக ஒட்டாது.

இந்தச் சேர்க்கை நீரிழிவு நரம்பு வலியில் 379 பேரிடம் 13 வாரம் சோதிக்கப்பட்டுப் பலனும் காட்டியது. ஆனால் 2010-ல் நியூடெக்ஸ்டா என்ற பெயரில் ஒப்புதல் கிடைத்தது, கட்டுப்பாடில்லாமல் அழுகையும் சிரிப்பும் வரும் வேறொரு நரம்பியல் சிக்கலுக்கு. அதுவும் 20 மி.கி.யோடு 10 மி.கி. என்ற அளவில். வலி ஆய்வில் இருந்தது 45-க்கு 30, 30-க்கு 30.

வடிவம் என்றால் இரண்டு மருந்துகளையும் ஒரே படிகத்தில் கோர்ப்பதும் உண்டு. வலிமருந்துகளான செலிகாக்ஸிபும் ட்ரமடாலும் சேர்ந்த இணைபடிகம் 2021-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது, திடீர் வலிக்கு. படிகமே புதிய பொருள், உடலில் கரைந்து ஏறும் வேகமும் மாறுகிறது. பரிசோதகர் முன் பேச விஷயம் இருக்கிறது. ஆனால் போட்டியாளர் படிகத்தைத் தவிர்த்துச் சாதாரணக் கலவையாகச் செய்தால் தடுக்க முடியாது. காபாபென்டினை வயிற்றில் தங்கி மெதுவாக வெளிவிடும், நாளுக்கு ஒரே வேளை போடும் மாத்திரைக்கும் இதே பலம், இதே பலவீனம்.

எதைத் தேர்வது?

காப்புரிமையே வேண்டாம் என்ற வழியும் உண்டு. புதிய மருத்துவ ஆய்வுகளுக்காக அமெரிக்கா 3 ஆண்டு சந்தையில் தனி உரிமை தருகிறது. ஐரோப்பாவில் புதிய நிலைக்கலவைக்கு (நிலையான அளவில் சேர்த்த ஒரே மாத்திரைக்கு) 8 ஆண்டு தரவுப் பாதுகாப்பு, அதாவது போட்டியாளர் உங்கள் ஆய்வுத் தரவைக் காட்டி ஒப்புதல் கேட்க முடியாது; அதன்மேல் 2 ஆண்டு சந்தைப் பாதுகாப்பு. இந்தியாவில் அப்படி ஒரு சட்ட ஏற்பாடு இல்லை. இரண்டும் பழைய முதல் வரிசை மருந்துகள், பலன் வெறும் கூட்டல் என்றால், கலவைக்காக வக்கீலுக்குச் செலவழிப்பதைவிட இதை நம்பி ஐரோப்பாவில் இறங்குவது மேல் என்பேன்.

காப்புரிமைதான் வேண்டும் என்றால், துணை மருந்து வகைச் சேர்க்கையில் கலவைக் கோரலை முன்னால் வைத்து, பயன்பாட்டுக் கோரலைப் பின்னால் வைக்கலாம். பயன்பாட்டை மட்டும் நம்பி இறங்க நான் சொல்லமாட்டேன்.

நேரம்தான் பெரிய கண்ணி. முக்கிய மருத்துவ இதழ்கள் 2005 முதல், ஆள் சேர்க்கும் முன்பே ஆய்வைப் பொதுப் பதிவேட்டில் பதியச் சொல்கின்றன. பதிந்தவுடன் ‘இன்ன மருந்தோடு இன்ன மருந்து, நரம்பு வலிக்கு’ என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அமெரிக்காவில் சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் எலிச் சோதனையின் வரைபடம் கைக்கு வந்ததும் முதல் மனு, அதற்கப்புறம் பதிவு, 12 மாதத்துக்குள் கிடைக்கும் தரவையும் சேர்த்து முழு மனு என்பதே சரியான வரிசை. அந்த முழு மனுவில் ‘நரம்பு வலி’ என்று மொத்தமாக ஒரே கோரலோடு நிறுத்தாமல், நீரிழிவு நரம்பு வலி, அக்கிக்குப் பிந்தைய வலி என்று சோதித்த ஒவ்வொன்றுக்கும் தனிக் கோரல் எழுதி வைக்க வேண்டும். பரந்தது விழுந்தாலும் குறுகியது மிஞ்சும்.